தேர்ச்சி பெற்ற உலகம்

நாள் 3. காலை 08:10

அறை அழுத்தம் சரி. வெப்பம் 23. அறைக் காற்றில் கரியமிலவாயு 2,300 பிபிஎம். காற்றுச் சுத்திகரிப்பான்கள் இரண்டும் ஓடுகின்றன. தண்ணீர் போதும். இன்று விடைத்தாள் எதுவும் இல்லை. முதல் கட்டு நாளை வரும்.

இந்தக் குறிப்பேட்டை எழுதுவது நிலையத்தின் விதி. யார் படிப்பீர்கள், எப்போது படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். என் பெயர் சூசைமாணிக்கம். வயது அறுபத்தாறு. முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது பூமிக்கு மேலே நானூறு கிலோமீட்டர் உயரத்தில் தனியாக இருக்கிறேன்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாடும், புகையைக் குறைப்பதாகத் தான் கொடுத்த வாக்கு என்ன, செய்தது என்ன என்று ஓர் அறிக்கை தர வேண்டும். புகையை அளக்க இந்த நிலையத்தில் கருவி இருக்கிறது. பூமியைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து அதுவே அளந்துவிடும். ஆனால் மதிப்பெண் போடுவது இயந்திரமாக இருக்கக் கூடாது என்று நாடுகள் சொல்லிவிட்டன. இயந்திரத்துக்குச் சூழ்நிலை புரியாதாம். நிபுணர்களும் வேண்டாம், அவர்கள் யாருக்காவது வேண்டியவர்களாக இருப்பார்கள். கடைசியில், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்களில் ஒருவரைக் குலுக்கலில் எடுப்பது என்று முடிவாயிற்று. எந்த நாட்டு மண்ணிலும் அவர் கால் படக் கூடாது. நம் பொதுத்தேர்வில் தூத்துக்குடித் தாளை விழுப்புரத்தில் திருத்துவோமே, அதே ஏற்பாடுதான். விழுப்புரம் போதாது என்று வானத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

நாள் 8. காலை 09:30

காற்று 2,350 பிபிஎம். திருத்திய தாள்கள்: 4.

நாட்டின் பெயர் மறைக்கப்பட்டு ஓர் எண் மட்டும் இருக்கிறது. இதற்குப் பழகிய கண்தான் எனக்கு. பழகாதது ஒன்று உண்டு. இங்கே கேள்வித்தாளை மாணவனே தயாரித்துக்கொள்கிறான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். விளையாட்டு வகுப்பில் ஒருவன், 'மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடுவேன்' என்கிறான். நாக்குத் தள்ள ஓடி, ஆறாவது சுற்று முடியும் முன்பே விழுகிறான். அவனுக்கு ஐம்பத்தெட்டு. இன்னொருவன், 'உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நிற்பேன்' என்கிறான். எழுந்து நிற்கிறான். அவனுக்கு நூறு. இன்று திருத்திய நான்கில் ஒன்று இரண்டாவது வகை. தொண்ணூற்றொன்று போட்டேன். விதிப்படி அது சரியான மதிப்பெண்.

தேர்ச்சிக்கு அறுபது. எல்லா நாடுகளின் சராசரியும் அறுபதுக்குக் கீழே போனால் ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு நடைமுறைக்கு வரும். ஒவ்வொரு நாடும் தன் இலக்கைக் கடுமையாக்க வேண்டும். தாழ்வான கடற்கரைகளில் இருப்பவர்களை உடனே உள்நாட்டுக்குக் குடிமாற்ற வேண்டும், வீடும் நிலமும் கொடுத்து. சராசரி அறுபதோ அதற்கு மேலோ என்றால் பேச்சு ஐந்தாண்டுக்குத் தள்ளிப் போகும்.

சராசரியை எனக்குக் காட்ட மாட்டார்கள். ஒரு தாள் முடிந்தால் அது போய்விடும், அடுத்த தாள் வரும்.

நாள் 21. மாலை 16:00

பத்து நாளுக்கு ஒரு குடும்ப அழைப்பு. மதிப்பெண் பற்றிப் பேசக் கூடாது. தொடர்பு அலுவலர் குணாளன் கேட்டுக்கொண்டிருப்பார். ஈப்போ ஊர்க்காரர், நல்ல மனிதர்.

என் மகள் ஜெனோவா சங்குமுனையில் கடலோரக் குடியிருப்பு அலுவலர். சங்குமுனை மன்னார் வளைகுடாவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணல் முனை. 2,140 பேர். ஊருக்குப் போகும் ஒரே ரோட்டில் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் தண்ணீர் ஏறும். ஒன்பதாம் பிரிவு வந்தால்தான் அவளுக்கு லாரியும் படகும் மனையும் கிடைக்கும். அதற்காக நான்கு வருஷமாகப் பெயர்ப்பட்டியலோடு காத்திருக்கிறாள்.

ஜெனோவா: "என்னப்பா, மேல போயும் பேப்பர் திருத்துறத விட மாட்டேங்குதிய?"

நான்: "பழக்கம் போகுமா?"

ஜெனோவா: "இங்க ஊரே சேந்து மெழுகுதிரி ஏத்துது. எதுக்குன்னு கேளுங்க. உலகம் ஃபெயிலாகணும்னு. பிள்ளைக பாசாகணும்னு வேண்டுன கூட்டம் ஃபெயிலாகணும்னு வேண்டுதத இப்பதான் பாக்கேன்."

குணாளன்: "அக்கா, மார்க்கு பத்திப் பேசக் கூடாது."

ஜெனோவா: "நான் எங்கண்ணே மார்க்கு பத்திப் பேசுனேன்? மெழுகுதிரி பத்தில்லா பேசுதேன். ஒங்களுக்கும் ஒண்ணு ஏத்தவா?"

குணாளன் சிரித்துவிட்டார்.

நாள் 30. காலை 10:15

காற்று 2,600. இரண்டாம் சுத்திகரிப்பான் விட்டு விட்டு ஓடுகிறது. திருத்தியவை: 61.

நேற்றும் இன்றும் ஓய்வு நேரத்தில் ஒரு கணக்குப் போட்டேன். யாரும் கேட்கவில்லை. எல்லா நாடுகளும் தங்கள் வாக்கை அப்படியே காப்பாற்றி, எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்கினால் பூமி எவ்வளவு சூடாகும்? 2.6 டிகிரி வருகிறது. தாண்டவே கூடாது என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டது 2.

நம் பள்ளிப் பரீட்சையில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். சரி. ஆனால் முப்பத்தைந்து சதவீதம் கட்டிய பாலத்தில் ஆற்றைக் கடக்க முடியாது. இதை எழுத விடைத்தாளில் இடம் தேடினேன். நாடு தன் கேள்விக்குப் பதில் எழுதியதா என்பதற்குக் கட்டம் இருக்கிறது. அந்தக் கேள்வி போதுமா என்பதற்கு இல்லை. குணாளனுக்கு அனுப்பினேன்.

குணாளன்: "சார், கணக்கு சரியாத்தான் இருக்கு. இங்க எல்லாருக்கும் அது தெரியும். ஆனா அது சிலபஸ்ல இல்ல சார். பசியாறிட்டீங்களா?"

நாள் 41. காலை 11:00

காற்று 2,900. திருத்தியவை: 92.

தாள் எண் 5073. இந்த நாடு, எதுவென்று தெரியாது, பத்துச் சுற்று ஓடுவதாகச் சொன்ன பிள்ளை. நிலக்கரி ஆலைகளில் பாதியை மூடியிருக்கிறது. நடுவில் ஒரு வறட்சி. அணைகளில் தண்ணீர் இல்லாமல் இரண்டு ஆலைகளைத் திரும்பத் திறக்க வேண்டியிருந்ததாக எழுதியிருக்கிறார்கள். ஒளிக்கவில்லை. கூட்டிப் பார்த்தால் 57.

விதிப்புத்தகத்தில், 'முயற்சியைக் கருதி மதிப்பீட்டாளர் மூன்று மதிப்பெண் வரை கூட்டலாம்' என்று இருக்கிறது. நாங்கள் கருணை மதிப்பெண் என்போம். என் வேலைக்காலத்தில் எல்லையில் நின்ற ஒரு பிள்ளையையும் நான் தள்ளிவிட்டதில்லை. முப்பத்திரண்டு வாங்கியவனின் தாளை மறுபடி புரட்டினால், எங்காவது ஒரு சூத்திரத்தைச் சரியாக எழுதியிருப்பான். ஒரு படத்துக்குப் பெயராவது குறித்திருப்பான்.

மூன்று போட்டேன். 60.

இன்னொரு காரணமும் உண்டு. இதில் பொய் எழுதக் கூடாது. என் மகள் உலகம் தோற்க வேண்டும் என்று காத்திருக்கிறாள். நான் கையை இறுக்கினால் அது அவளுக்காகத்தான் என்று ஆகிவிடும். பதினொன்றாம் வகுப்பில் ஜெனோவா என் வகுப்பிலேயே படித்தாள். வாத்தியார் மகள் என்று பேச்சு வரக் கூடாதென்று அவளுக்கு மட்டும் இரண்டு மதிப்பெண் குறைத்தே போட்டேன். இன்றுவரை சொல்லிக்காட்டுவாள். அந்தக் கைதான் இதுவும்.

நாள் 77. பகல் 13:20

காற்று 3,400. கடைசித் தாள் முடிந்தது. மொத்தம் 188. மதிப்பெண்கள் பூட்டப்பட்டன. உணவு: சாம்பார் சாதம், பொட்டலம். கை வலிக்கிறது. மனம் அமைதியாக இருக்கிறது. திருத்தும் பணி முடிந்து பஸ் பிடிக்கும் நாளில் வருமே, அந்த அமைதி.

நாள் 84. காலை 09:00

முடிவு வந்தது. உலகச் சராசரி 60.3. தேர்ச்சி.

கீழே கைதட்டுவதைக் காணொளியில் காட்டினார்கள். ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஒன்பதாம் பிரிவு இல்லை. அடுத்த மதிப்பீடு ஐந்தாண்டு கழித்து.

நாள் 85. காலை 07:40

இதுவரை கூட்டிப் பார்க்காததை இன்று கூட்டினேன். கருணை மதிப்பெண் போட்ட தாள்கள் 41. மொத்தம் 109 மதிப்பெண். அதை 188ஆல் வகுத்தால் 0.58.

60.3லிருந்து 0.58 போனால் 59.72.

மூன்று முறை போட்டுப் பார்த்தேன். வகுத்தல்தானே. மாறவில்லை.

என் மதிப்பெண்ணால் கடல் ஏறவில்லை. கடல் ஏறியது நூறு வருஷத்து வேலை. என் மதிப்பெண் செய்தது சின்ன வேலை. லாரிகளை நிறுத்தியது.

08:15. மறுமதிப்பீடு கோரி விண்ணப்பம் அனுப்பினேன்.

நாள் 88. காலை 10:00

குணாளன்: "சார், நேரா சொல்லிடுறேன். மறுமதிப்பீடு கேக்குற உரிமை மதிப்பெண் வாங்கினவங்களுக்குத்தான். போட்டவங்களுக்கு இல்ல."

நான்: "அப்ப யாராவது ஒரு நாடு கேக்கலாம்ல?"

குணாளன்: "கேக்கலாம். நான் எல்லாருக்கும் சுற்றறிக்கை விட்டேன் சார், உங்க பேரச் சொல்லாம. ஒரு பதிலும் வரல."

நான்: "ஒண்ணுகூடவா?"

குணாளன்: "பாஸானவன் எவன் சார் பேப்பரத் திரும்பத் திருத்துன்னு கேப்பான்?"

உண்மைதான். முப்பத்து நான்கு வருஷத்தில் அப்படிக் கேட்டவனை நானும் பார்த்ததில்லை.

நாள் 91. மாலை 16:00

குடும்ப அழைப்பு. முடிவு வந்துவிட்டதால் பேசத் தடை இல்லை. சொன்னேன்.

ஜெனோவா: "எத்தன பேருக்குப்பா போட்டிய?"

நான்: "நாப்பத்தொரு பேருக்கு."



ஜெனோவா: "அடேயப்பா. எனக்குன்னா மட்டும் ரெண்டு கொறச்சுப் போடுவிய."

நான்: "ஜெனோ..."

ஜெனோவா: "சரி, விடுங்க. அழாதிய, அங்க அழுதா கண்ணீர் கீழ விழாதாம்லா, மூஞ்சியிலயே அப்பிக்கிடுமாம். சாப்டியளா?"

நான்: "சாப்பிட்டேன்."

ஜெனோவா: "நான் லாரி இல்லாமலே ஆளக் கடத்தப் பாக்கேன். சொந்தக்காரன் வீடு இருக்கவன் எல்லாம் போட்டும். வீடு இல்லாத ஆளுக்குத்தான் என்ன செய்யன்னு தெரியல."

நாள் 130. காலை 08:00

காற்று 5,200. இரண்டாம் சுத்திகரிப்பான் நின்றுவிட்டது. மாற்றுப் பாகம் இங்கே இல்லை. ஆள் மாற்றும் விண்ணோடம் அடுத்த வருஷம்தான். தலைவலி. கூட்டல் மெதுவாக வருகிறது. ஐயாயிரம் தாண்டினால் அபாயம் என்று சுவரில் ஒட்டியிருக்கிறது.

குணாளன்: "சார், ஐயாயிரம்ங்கிறத நேத்து ஏழாயிரமா மாத்திட்டாங்க. இப்ப நீங்க வரம்புக்குள்ளதான் இருக்கீங்க."

நான்: "என் தலைவலிக்குச் சொல்லிட்டீங்களா?"

குணாளன்: "மன்னிச்சிருங்க சார். எழுதிக் குடுத்தத வாசிக்கிறேன்."

சுவரிலிருந்த தாளை எடுத்து, 5ஐ அடித்து 7 என்று எழுதி ஒட்டினேன்.

நாள் 161. மாலை 16:10

காற்று 5,600. ஜெனோவா பேசினாள். ஊர் ரோடு இப்போது எப்போதும் தண்ணீருக்குள். பஸ் வருவதில்லை. 1,610 பேர் போய்விட்டார்கள். மீதி 530. புயல் காப்பகம் ஒன்று இருக்கிறது. இரண்டு மாடி. பழைய கடல் மட்டத்துக்குக் கணக்குப் போட்டுக் கட்டியது.

ஜெனோவா: "நீயும் போயிருன்னு சொல்லுவிய. சொல்லிராதிய."

நான் அதைத்தான் சொல்ல வந்தேன்.

நாள் 203. காலை 06:30

காற்று 5,900. வளைகுடாவில் சுழல். மேலிருந்து பார்க்க வெள்ளையாக, ஒழுங்காக இருக்கிறது. நடுவில் கண். வகுப்பில் கரும்பலகையில் வரைவேனே, அதேபோல. அம்புக்குறி மட்டும் இல்லை.

நாள் 204. காலை 07:05

இன்று அழைப்பு நாள் இல்லை. குணாளன் விதியை மீறி இணைப்புக் கொடுத்தார். படகு கேட்டிருக்கிறார்கள். அலையில் படகு வர முடியவில்லை.

ஜெனோவா: "அப்பா, கேக்குதா? மாடில இருக்கோம். எல்லாரும் இருக்கோம். கீழ்மாடி போச்சு."

நான்: "கேக்குதுமா. மொட்டை மாடிக்கு ஏற வழி இருக்கா?"

ஜெனோவா: "மொட்ட மாடிலதாம்ப்பா நிக்கோம். இதுக்கு மேல நீங்கதான்."

நான்: "பிடிச்சிக்க. எதையாவது பிடிச்சிக்க."

ஜெனோவா: "எப்பா, இப்ப எங்க மேலதான் வாரியளாம்லா, குணாளண்ணன் சொன்னாவ. அங்கயிருந்து பாத்தா நாங்க தெரியுதோமா?"

பார்த்தேன். மேகம். மேகத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

நான்: "தெரியுதுமா. நல்லாத் தெரியுது."

ஜெனோவா: "பிள்ளைகளா, கையக் காட்டுங்க, எங்கப்பா பாக்காவ..."

07:11. சிக்னல் இல்லை.

நாள் 204. 08:40

ஒரு சுற்று வந்துவிட்டேன். மறுபடி வளைகுடாப் பக்கம். மேகம்.

10:12. மேகம்.

நாள் 206. காலை 09:00

காற்று 6,100. மேகம் விலகியது. வரைபடத்தை வைத்துப் பார்த்தேன். முனை இருக்க வேண்டிய இடம் பச்சையும் பழுப்புமாகக் கலங்கிய தண்ணீர். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன்.

குணாளன்: "சார். சார், இருக்கீங்களா?"

குணாளன்: "பதில் வேணாம் சார். சும்மா லைன்ல இருக்கேன்."

நாள் 209

அழுத்தம் சரி. வெப்பம் 23. காற்று 6,200. தண்ணீர் சரி.

சாப்பிட்டேன்.

நாள் 215

அழுத்தம் சரி. காற்று 6,300. தாள் எண் 5073 எந்த நாடு என்று குணாளன் சொல்ல முன்வந்தார். வேண்டாம் என்றேன். அந்தப் பிள்ளை நன்றாகத்தான் எழுதியிருந்தது. இன்று மறுபடி வந்தாலும் என் கை என்ன செய்யும் என்று தெரியவில்லை. இதை எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காற்றினால் இருக்கலாம்.

நாள் 236. காலை 08:10

அழுத்தம் சரி. காற்று 6,700. வரம்புக்குள்.

கருவியின் ஆண்டு அறிக்கை வந்தது. இது தானாக வருவது. கட்டம் கட்டமாகப் புகை அளவு, இலக்கு, சதவீதம். மதிப்பீட்டாளர் ஒப்புதல் தர வேண்டும். பெரும்பாலும் சிவப்பு. கொஞ்சம் மஞ்சள். ஒரே ஒரு கட்டம் பச்சை. திரையில் அதைச் சுற்றி ஒரு வளையம் மின்னிக்கொண்டிருந்தது.

அதைத் தொட்டேன். சங்குமுனை. புகை அளவு: 0. இலக்கு அடைவு: 100 சதவீதம். இலக்கை முழுமையாக எட்டிய முதல் கடலோரக் கட்டம்.

கீழே ஒரு கேள்வி: 'இச்சாதனைக்குக் காரணமான கொள்கையை ஒரு வரியில் குறிப்பிடவும்.'

வெறுமையாக விட்டு அனுப்பினேன். திரும்பி வந்தது. கட்டாயம் நிரப்ப வேண்டிய இடம் என்றது. ஒரு புள்ளி வைத்து அனுப்பினேன். திரும்பி வந்தது.

08:52. 'ஐந்தாண்டு காத்திருக்கச் சொன்னோம்' என்று எழுதி அனுப்பினேன்.

08:52. பதில்: 'ஏற்றுக்கொள்ளப்பட்டது. நன்றி. இந்த நடைமுறை ஏனைய 3,316 கடலோரக் கட்டங்களுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது.'